இறைச்சிப் படம் சரிவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

யாழ்ப்பாணத்தில் இறைச்சிக்கடை, சாப்பாட்டுக்கடை, வீட்டிலிருந்து றோல்ஸ் செய்து விற்பவர் என்று எல்லோருக்குமே இப்போது படம் வேண்டியிருக்கிறது. முகநூலில் போட, மெனு அட்டையில் அச்சடிக்க, கடை வாசலில் பனர் கட்ட. கறி அருமையாகத்தான் இருக்கும். படத்தைப் பார்த்தால் வாய் ஊறாது. உடனே போனில் நிறத்தைக் கூட்டிவிடுகிறார்கள். கூட்டக் கூட்ட சிவப்பெல்லாம் ஒரே பூச்சாகி, இறைச்சியின் நார் மறைந்து, கொழுப்பு ரோஸ் நிறமாகிவிடும். கோளாறு எங்கே என்று தெரியாமல் நிறத்தில் கை வைக்காதீர்கள். பெரும்பாலும் கோளாறு வெளிச்சத்தில் இருக்கும், அல்லது இறைச்சி வெளியே எடுத்து வைக்கப்பட்ட நேரத்தில் இருக்கும். கமரா கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய ஆள்.

எதற்கும் முன்னால்: வெள்ளைக் கோப்பைச் சோதனை

இறைச்சிக்குப் பக்கத்தில் ஒரு வெறும் வெள்ளைக் கோப்பையை வைத்து ஒரு படம் எடுங்கள். பூப்போட்டதோ மங்கலானதோ வேண்டாம், சுத்த வெள்ளை. படத்தில் இறைச்சியை விட்டுவிட்டு அந்தக் கோப்பையை மட்டும் பாருங்கள்.

கோப்பை வெள்ளையாக இல்லாமல் மஞ்சளோ, பச்சையோ, நீலமோ தட்டினால் பிழை வெளிச்சத்தில். கோப்பை வெள்ளையாகவே இருந்து இறைச்சி மட்டும் மங்கலாக இருந்தால் பிழை இறைச்சியில். கோப்பை சாம்பலாக இருந்தால் படத்துக்கு வெளிச்சம் போதவில்லை. கோப்பையின் விளிம்பே தெரியாமல் வெளுத்துப்போயிருந்தால் வெளிச்சம் கூடிப்போய்விட்டது. கீழே உள்ளதில் எந்தப் பகுதியைப் படிப்பது என்பதை இந்தக் கோப்பை சொல்லிவிடும்.

அறிகுறி: கோப்பையும் இறைச்சியும் சேர்ந்து நிறம் மாறியிருக்கின்றன

பச்சை தட்டினால் வெளியே பாருங்கள். யன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டமோ, பூவரச வேலியோ, அடர்ந்த மாமரமோ நிற்கும். வெயில் இலைகளில் பட்டு உள்ளே வரும்போது பச்சையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நம் கண் அதைச் சரிசெய்து பார்த்துவிடும், கமரா பார்க்காது. இறைச்சிக்குப் பச்சையைப் போல எதிரி வேறில்லை. நல்ல இறைச்சியையும் பழசாகக் காட்டிவிடும். யன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள். வெளிச்சம் மெதுமையாகும், பச்சையும் ஓரளவு அடங்கும். பச்சை நிறக் கூரைத் தகடு போட்ட கடையில் இதுவும் உதவாது. பொருளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

வலிகாமத்துச் செம்மண் முற்றத்தில் எடுத்தால் வேறு விதமாக வரும். கோப்பையின் மேற்பகுதி வெள்ளையாக இருக்கும், கீழ்விளிம்பு மட்டும் செம்மஞ்சளாக இருக்கும். நிலத்திலிருந்து எழும்புகிற வெளிச்சம் அது. மேசையைச் சுற்றி நிலத்தில் வெள்ளைத் துணியை விரித்தால் சரி.

கடைக்குள் எடுப்பவர்களுக்கு மின்குமிழ்தான் பிரச்சினை. மலிவான எல்ஈடி குமிழ்களில் அடர் சிவப்பு குறைவாக இருக்கும். வெள்ளைக் கோப்பை கிட்டத்தட்டச் சரியாகத் தெரியும், ஆனால் இறைச்சி உயிரில்லாமல் இருக்கும். வெள்ளைக் கோப்பைச் சோதனையை ஏமாற்றுகிற ஒரே ஆள் இந்தக் குமிழ்தான். அதே துண்டை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். குமிழ் வாங்குவதானால் பெட்டியில் சிஆர்ஐ எண் (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்9 என்ற எண்ணும் போட்டிருந்தால் அது கூடுதலாக இருப்பதை எடுங்கள். சிவப்பை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்வது அதுதான். யன்னல் வெளிச்சத்தையும் குமிழையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் குமிழ் 3000க்குக் கிட்ட. ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக வரும் படத்தை எந்தச் செயலியாலும் முழுதாகத் திருத்த முடியாது. ஒன்றை அணைத்துவிடுங்கள். இறைச்சிக்கடையில் தொங்கும் சிவப்புக் குமிழையும் படம் எடுக்கும்போது அணைக்க வேண்டும்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அவற்றை ஒட்டிய மாதங்களிலும் மத்தியான வெயில் செங்குத்துக்குக் கிட்டத்தான். அந்த வெளிச்சத்தில் துண்டுகளுக்கு உருவமே தெரியாது. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், அல்லது பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, வெயில் நேரே விழாத விறாந்தையில் எடுங்கள். மாரி மழைக்காலத்து மூடிய வானம் மெதுமையான அருமையான வெளிச்சம் தரும், கொஞ்சம் நீலம் தட்டும். போனில் வெண்சமநிலையை (white balance) முகில் படம் போட்ட இடத்தில் வைத்தால் அது போய்விடும்.

அறிகுறி: பச்சை இறைச்சி பழுப்பாக, சாம்பலாக, அல்லது ஊதாவாகத் தெரிகிறது

இறைச்சியின் சிவப்பு இரத்தத்தால் வருவதில்லை. தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் அந்த நிறத்தைத் தருகிறது. காற்றுப் படாதபோது அது ஊதா கலந்த கருஞ்சிவப்பு. காற்றுப் பட்டால் பிரகாசமான சிவப்பு. நெடுநேரம் கிடந்தால் பழுப்பு. படத்துக்கு வேண்டியது நடுவில் உள்ள அந்தச் சிவப்பு.

ஆகவே ஊதாவாக இருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். காற்று நீக்கி அடைத்த பொதியைப் பிரித்தவுடன் இறைச்சி அப்படித்தான் இருக்கும், அது கெட்டதற்கு அடையாளம் அல்ல. பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, குளிர்சாதனப்பெட்டியில் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். சிவப்பு தானாக ஏறும்.

பழுப்பாக இருந்தால் பிந்திவிட்டீர்கள். மேற்பரப்பு மட்டும் பழுப்பு என்றால் கூரான கத்தியால் புதிதாக ஒரு முகம் வெட்டுங்கள். நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நாரின் போக்கில் வெட்டினால் கயிறு கயிறாக இழுபட்டு நிற்கும். வெட்டி, கொஞ்ச நேரம் காற்றுப் பட விட்டு, எடுத்துவிடுங்கள். பங்கிறைச்சி விற்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. விடிய அடித்து, விடியவே பங்கு போடுவதால், கையில் இருப்பது படத்துக்கு மிக நல்ல நேரத்து இறைச்சி. பனையோலைப் பெட்டியில் ஈரலும் எலும்பும் சதையும் தெரியும்படி ஒரு பங்கை வைத்துக் காலை வெளிச்சத்தில் எடுத்தால் வேறு அலங்காரமே தேவையில்லை.

சாம்பலாக வெளிறியிருந்தால் யாரோ உப்போ தேசிக்காய்ப் புளியோ போட்டிருப்பார்கள். புளி பட்ட இடத்தில் புரதம் வெந்தது மாதிரி வெளுக்கும். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும். பச்சையாகப் படம் எடுக்கிற இறைச்சிக்கு இரண்டும் ஆகாது. உறைந்திருந்து இளகிய இறைச்சியும் தண்ணீர் விடும். கோப்பையில் தேங்கி நிற்கும் அந்தச் செந்நீரைப் பார்த்தவுடன் வாங்குகிறவருக்கு மனம் பின்வாங்கிவிடும். ரிசுத்தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒற்றிய பிறகு மேற்பரப்பு வறண்டு தெரிந்தால், தூரிகையில் நிறமில்லாத எண்ணெயைத் தொட்டு மெல்லிசாக ஒரு தடவு. தண்ணீர் தெளிப்பதைவிட அது நல்லது; தண்ணீர் துளி துளியாக நின்றுவிடும்.

அறிகுறி: கறி முழுவதும் ஒரே மண்ணிறக் குவியலாகத் தெரிகிறது

நம் ஊர்க் கறிக்கு வருகிற முதல் நோய் இதுதான், கடினமானதும் இதுதான். காரணம் கறியின் குணத்திலேயே இருக்கிறது. வறுத்து இடித்த தூளின் நிறம் கருமை. குழம்பு தடிப்பு. துண்டு, எலும்பு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் அது ஒரே போர்வையாக மூடிவிடுகிறது. அதை ஆழமான கிண்ணத்தில் ஊற்றி, தலைக்கு மேலே எரியும் குமிழின் கீழ் வைத்தால் கமராவுக்குத் தெரிவது ஒரு நிறம், ஒரு தளம்.

சமைக்கிறவரிடமிருந்தே தொடங்குங்கள். குழம்பு வற்றி இறுகுவதற்குக் கொஞ்சம் முன்பே அடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். மேலே மிதக்கும் சிவந்த எண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் வடித்து வையுங்கள். கறியின் முழு நிறமும் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. படத்தின் வெற்றி பாதி அந்தக் கிண்ணத்தில். தேங்காய்ப்பாலை விட்டுக் கொதிக்க விட்டுத் திரைந்துபோன குழம்பு படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும். முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதி வருமுன் இறக்கச் சொல்லுங்கள்.

இப்போது துண்டுகள். சட்டியிலிருந்து அகப்பையால் அள்ளி ஊற்ற வேண்டாம். ஒவ்வொன்றாக எடுங்கள். நெஞ்செலும்புத் துண்டு ஒன்றிரண்டு, ஒரு நல்லியெலும்பு, சதைத் துண்டுகள் கொஞ்சம், கறியில் ஈரல் போட்டிருந்தால் ஒரு ஈரல் துண்டு. அகலமான, ஆழமில்லாத கோப்பையில் வையுங்கள். வெட்டுமுகம் மேலே பார்க்க வேண்டும். நார் தெரிகிற முகத்தில்தான் இது இறைச்சி என்று கண் அடையாளம் காண்கிறது. நல்லியின் வாய் கமராவின் பக்கம் திரும்பியிருக்கட்டும். குழம்பைத் துண்டுகளின் மேலே ஊற்றாமல் இடையிடையே விடுங்கள். கடைசியாக, வடித்து வைத்த எண்ணெயைத் தூரிகையால் தொட்டு துண்டுகளின் தோள்களில் மட்டும் தடவுங்கள். ஓரத்தில் சிந்தியதை ஈரத்துணியால் துடையுங்கள். குழம்பு மூன்று நான்கு நிமிடத்தில் ஏடு கட்டி மங்கும். கொதிநீர் சில துளி விட்டுக் கரண்டி நுனியால் அசைத்தால் மறுபடியும் மினுங்கும்.

வெளிச்சம் கோப்பைக்குப் பின்பக்கமாக, ஒரு மூலையிலிருந்து வர வேண்டும். யன்னலைக் கோப்பைக்குப் பின்னால் இடது மூலையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை றெஜிபோம் பலகையை நிறுத்துங்கள். பின்வெளிச்சம் எண்ணெயில் மினுக்கத்தைக் கொடுக்கும், பலகை நிழலைக் கொஞ்சம் திறந்துவிடும். போனை மேலிருந்து நேரே பிடிக்காமல், சாப்பிட உட்கார்ந்தவர் பார்க்கிற சரிவில் பிடியுங்கள். மிகக் கிட்டப் போகாமல் கொஞ்சம் பின்னால் நின்று இரண்டு மடங்கு பெருக்கத்தில் எடுத்தால் கோப்பை கோணாது.

பக்கத்தில் என்ன வைப்பது? வெள்ளை இடியப்பம், அரிசிமாப் புட்டு, பாண். கருமையான கறிக்கு வெளிர் நிறம்தான் துணை. மண்ணிற மேசை, சிவப்பு விரிப்பு வேண்டாம். பனையோலைத் தட்டின் வெளிர் மஞ்சள் மிக நன்றாக ஒத்துப்போகும். எவர்சில்வர் தட்டு எடுப்பவரின் சேட்டு நிறத்தைக்கூடத் திருப்பிக் காட்டும். மேலே தூவுவது கறியில் உள்ளதாகவே இருக்கட்டும்: எண்ணெயில் வாட்டிய கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை, ஒரு செத்தல் மிளகாய். நம் ஆட்டிறைச்சிக் கறிக்கு மல்லியிலை தூவினால் அது வேறு ஊர்க் கறியாகிவிடும். பார்க்கிற யாழ்ப்பாணத்தார் உடனே கண்டுபிடிப்பார்கள்.

இரத்த வறைக்கு ஒரு தனிக் குறிப்பு. போன் அதன் கருமையைப் பார்த்து வெளிச்சத்தைத் தானாகக் கூட்டும். வறை சாம்பலாகும், கோப்பை வெளுத்துப்போகும். திரையில் விரலை வைத்துப் பூட்டி, கோப்பையின் விளிம்பு திரும்பத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பக்க வெளிச்சத்தில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் உதிரி உதிரியாகத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் கருமை அழகாகவே இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கறி குவிந்து தெரிய வேண்டும் என்பதற்காக அடியில் பீரிசைக் கவிழ்த்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள். அமெரிக்காவில் கேம்பல் நிறுவனம் 1960களில் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டு, உள்ளே தாழும் துண்டுகளை மேலே நிறுத்தியது. அந்த நாட்டு வணிக ஆணையம் தலையிட்டது. 1970இல் இனி அப்படிச் செய்வதில்லை என்ற உடன்பாட்டோடு விடயம் முடிந்தது. இங்கேயும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். படத்தில் எட்டுத் துண்டைக் காட்டிப் பார்சலில் நாலு துண்டு கொடுத்தால் அந்த ஆள் திரும்பி வரமாட்டார். துண்டை அழகாகத் திருப்பி வைப்பது உங்கள் வேலை, துண்டைக் கூட்டுவது பொய். கடையில் ஒரு பங்குக்கு எத்தனை துண்டோ, படத்திலும் அத்தனையே வையுங்கள்.

அறிகுறி: கறியின் மேல் வெள்ளைப் படலம், வெள்ளைப் புள்ளிகள்

ஏசி அறையில் எடுத்திருப்பீர்கள். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகும். ஆட்டுக் கொழுப்பு அதற்கும் முந்தி, கை பொறுக்கிற சூட்டுக்கு இறங்கும்போதே இறுகத் தொடங்கிவிடும். மீள்சூடாக்கிய கறியைச் சூடான கோப்பையில் வைத்து எடுப்பதே வழி. கோப்பையைக் கொதிநீரில் வைத்துத் துடைத்து எடுங்கள். மண்சட்டி இன்னும் நல்லது, சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

ஆவி எழும்ப வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். நம் பகல் வெக்கையில் ஆவி கண்ணுக்கே தெரியாது. குளிர்ந்த அறையில்தான் தெரியும். அந்த அறையிலேயே கொழுப்பும் இறுகும். ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டி ஒழுங்குபடுத்தி, வேறொரு கோப்பையை வைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்து, கடைசியில் கொதிக்கக் கொதிக்கக் கறியை மண்சட்டியில் கொண்டுவந்து உடனே எடுங்கள். பின்னால் கருமையான துணியும் பின்வெளிச்சமும் இருந்தால்தான் ஆவி படத்தில் விழும்.

இறுகிய கொழுப்பு இல்லாமல் கூர்மையான வெள்ளைப் பொட்டுகள் மட்டும் தெரிந்தால் அது வெளிச்சத்தின் தெறிப்பு. போனின் பிளாஷை அணையுங்கள். யன்னலில் துணி கட்டுங்கள். அதற்கும் மிஞ்சினால் போலறைஸ்ட் கறுப்புக் கண்ணாடியை லென்சுக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள், ஒரு கோணத்தில் தெறிப்பு குறையும். முழுதாக அழித்துவிடாதீர்கள், மினுக்கமே இல்லாத கறி ஆறிய கறியாகத் தெரியும்.

அறிகுறி: றோல்ஸ் வெட்டுமுகத்தில் கிழங்கு மட்டுமே தெரிகிறது, அல்லது நொறுங்கியிருக்கிறது

பொரித்தவுடன் வெட்டினால் உள்ளீடு சரியும். ஐந்து நிமிடம் கம்பித் தட்டில் ஆறவிட்டு, பாண் வெட்டும் பற்கத்தியால் அழுத்தாமல் இழுத்து வெட்டுங்கள். குறுக்கே நேராக வெட்டுவதைவிடச் சரிவாக வெட்டினால் உள்ளீடு அகலமாகத் தெரியும். நாலைந்து றோல்ஸை வெட்டிப் பார்த்து நல்ல முகத்தைத் தெரிவுசெய்வதில் தவறில்லை. ஒன்றிலும் இறைச்சி தெரியவில்லை என்றால் அது படத்தின் பிழை அல்ல, உள்ளீட்டைத் திருத்த வேண்டும்.

ரிசுத்தாளின் மேல் அடுக்கி எடுக்காதீர்கள், எண்ணெய்க் கறை பரவிக்கொண்டே போகும். மூடி வைத்த றோல்ஸ் தன் ஆவியிலேயே நமுத்துவிடும். பொரித்துப் பத்து நிமிடத்துக்குள் எடுத்து முடியுங்கள்.

அறிகுறி: சொசேஜ் சுருங்கியிருக்கிறது, ஹாம் துண்டில் பச்சை மினுக்கம்

சொசேஜைக் கடும் சூட்டில் பொரித்தால் வீங்கி, ஆறும்போது சுருங்கும். கொதிக்காத வெந்நீரில் முதலில் வேகவிட்டு, பிறகு மிதமான சூட்டில் எண்ணெயில் உருட்டிச் சிவக்க வையுங்கள். படம் எடுக்கும்வரை சூட்டிலேயே இருக்கட்டும்.

ஹாம் துண்டில் வானவில் மாதிரி பச்சை ஓடினால் பயப்பட வேண்டாம். நாரைக் குறுக்கே வெட்டிய தளத்தில் வெளிச்சம் பிரிவதால் வருவது அது. துண்டைக் கொஞ்சம் திருப்பினாலே போய்விடும். இளஞ்சிவப்பு வெளிறிப்போனால் துண்டு வெட்டி நேரமாகிவிட்டது. பதப்படுத்திய இறைச்சியின் நிறம் காற்றிலும் கடும் வெளிச்சத்திலும் மங்கும். கடைசி நிமிடத்தில் வெட்டுங்கள்.

அறிகுறி: படம் முழுவதும் பனிப்புகார் மூடியது மாதிரி

ஏசி அறையிலிருந்து கமராவை வெளியே கொண்டுவந்தவுடன் லென்சில் ஈரம் படிந்திருக்கும். துடைத்தால் மறுபடியும் படியும். ஏசி அறைக்குள்ளேயே பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கமாக மூடி, வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் வைத்த பிறகு எடுங்கள். போன் என்றால் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான், பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

எடுத்து முடித்த சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 32 பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த இறைச்சியை விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ வேண்டாம்.

அறிகுறி: போனில் நன்றாக இருந்தது, பனரில் கெட்டுவிட்டது

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தால் அது சுருக்கப்பட்டுவிட்டது. ஆவணமாக அனுப்புங்கள். பனரில் நிறம் செங்கல் நிறமாகப் போனதற்குக் காரணம் வேறு. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் தெரியும் பளிச்சென்ற சிவப்பை மையால் தொட முடியாது. கறியின் இருண்ட பகுதிகள் இன்னும் இருண்டு ஒன்றாகிவிடும். ஆகவே அச்சுக்குப் போகும் பிரதியில் சிவப்பைக் கூட்டாமல் நடுத்தர நிழல்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள். போன் திரையின் வெளிச்சத்தை பாதிக்குக் குறைத்துவிட்டுப் பார்த்தால் அச்சில் எப்படி வரும் என்று ஓரளவு தெரியும்.

வெளியிடும் நேரத்தையும் யோசியுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை. அந்த நாட்களில் நல்லியெலும்புப் படம் போட்ட பனரைப் பார்ப்பவர் முகம் சுளிப்பார். கடையில் கூட்டம் குறைந்திருக்கும் அந்தக் காலத்தில் படங்களை எடுத்துத் திருத்தி வைத்துக்கொண்டு, கொடியிறங்கிய பிறகு வெளியிடலாம். பனர் அடிப்பவரிடம் முழுப் பனருக்கு முன்னால், கறி வருகிற பகுதியை மட்டும் அதே பனர்த் துணியில் ஏ4 அளவில் ஒரு துண்டு அடித்துக் கேளுங்கள். அதை அச்சகத்துக்குள் பார்க்காமல், பனர் தொங்கப்போகிற இடத்துக்கே கொண்டுபோய், வெயிலில் ஒரு முறையும் இரவு குமிழ் வெளிச்சத்தில் ஒரு முறையும் பிடித்துப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாகத் தெரிந்தால் முழுப் பனரையும் அடிக்கச் சொல்லலாம்.